ஓடில் கரைக்குத் திரும்பிய நாள்

ஓடில் வாசேரைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தபோது அவள் அந்த இடத்திலேயே இல்லை. சேன்-வலரி ஊரின் சலவைக் கடையில், சேறு அப்பிய பாவாடைகளை இயந்திரத்துக்குள் திணித்துவிட்டு, அவை சுற்றுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய குழு அங்கே எடுத்துக்கொண்டிருந்தது நெப்போலியன் காலத்துக் கடத்தல்காரர்களைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர். கடத்தல்காரர்களும் அவர்களுடைய மனைவிமார்களும் ஒரு வாரமாகச் சோம் ஆற்றின் முகத்துவாரத்து மணலில் புரண்டுகொண்டிருந்தார்கள். புரண்ட துணியெல்லாம் மறுநாள் காலைக்குள் காய்ந்தாக வேண்டும். ஆகவே மாலையில் குழுவினர் கூட்டம் என்று சொன்னபோது ஓடில், "நீங்க என்ன முடிவு பண்ணாலும் எனக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டுத் துணி மூட்டையோடு கிளம்பிவிட்டாள்.

அந்த வாய்தான் வினையாகப் போனது. ஈரம் போன பாவாடைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, உணவுக்கூடமாக மாற்றியிருந்த படகுக் கொட்டகைக்குள் அவள் நுழைந்ததும், கேமரா டிராலி தள்ளும் மாலிக் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றான்.

"எல்லாரும் எந்திரிங்கப்பா! தலைவி வர்றாங்க!"

கொட்டகை முழுக்கக் கைதட்டல். சூப் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டியவர்களும் உண்டு.

"என்னடா கூத்து இது?" என்றாள் ஓடில்.

"சட்டப்படி ஒரு ஆளத் தேர்ந்தெடுக்கணும்ல? கம்பெனிக்கும் நமக்கும் நடுவுல பேசறதுக்கு. யாரும் கை தூக்கல. நீதான் எல்லாத்துக்கும் சம்மதம்னு சொல்லிட்டுப் போனியே."

"நான் தொழிற்சங்கத்துலகூட இல்லடா."

"அதனாலென்ன? நாங்கல்லாம் இருக்கோம், எங்க பக்கத்துல உக்காந்துக்க."

ஓடில் சிரித்துவிட்டாள். அவள் யாரோடும் மல்லுக்கு நின்று பழகாதவள். ஊசியும் நூலுமாகப் படப்பிடிப்பின் ஓரத்தில் நின்று, நடிகைகளின் முதுகு நாடாவை இறுக்கியும் தளர்த்தியுமே பிழைப்பை ஓட்டியவள். ஒரு படம் முடிந்தால் அடுத்த படத்துக்கு யாராவது போன் செய்ய வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் ரெமி தெலெபீன்தான். முதல் உதவி இயக்குநர். இருவரும் ஒரே விளம்பரப் படத்தில் எடுபிடிகளாகத் தொடங்கியவர்கள். அவன் மேலே ஏறும்போதெல்லாம் இவளையும் கையோடு இழுத்துக்கொண்டான். அவன் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது குழந்தையைக் கையில் ஏந்தி ஞானத்தாயாக நின்றவள் ஓடில்.

ரெமி மேசையின் மறுகோடியிலிருந்து கண்ணடித்தான். "நல்ல வேளை நீ ஆன. மாலிக் ஆகியிருந்தா தினம் காலையில எனக்கு வயித்தவலி வந்திருக்கும்."

முதல் சில நாட்கள் பதவி சுகமாகவே இருந்தது. விளக்கு ஆட்களின் ஈரப் பூட்ஸைக் காயவைக்க ஒரு ஹீட்டர் வேண்டும் என்று கேட்டாள்; வந்தது. சாப்பாட்டு நேரத்தைக் கடித்துக் குறைக்காதீர்கள் என்றாள். அதையும் பாதி கேட்டார்கள். ஆனாலும் தெரியாத வேலையைத் தெரிந்ததுபோலச் செய்ய அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மாலிக் கொடுத்த எண்ணில் பாரிஸில் இருந்த சங்கத்துக்குப் போன் செய்தாள். தொழில்நுட்பக் கலைஞர்கள் சங்கத்தில் அன்று போனை எடுத்தவர் லூசியென் காதூ. ஒரு காலத்தில் விளக்குகள் தூக்கியவர். முழங்கால் போனபிறகு சட்டப் புத்தகங்களைத் தூக்க ஆரம்பித்தவர்.

"பிரதிநிதியா? வாழ்த்துகள்னு சொல்லணுமா, அனுதாபம்னு சொல்லணுமா?" என்றார்.

"ரெண்டுமே வேணாம். நான் என்ன பண்ணணும்னு மட்டும் சொல்லுங்க."

அவர் பொறுமையாகச் சொன்னார். வேலை நேரம், ஓய்வு நேரம், உயரத்தில் ஏறுவதென்றால் என்ன வேண்டும், தண்ணீரில் இறங்குவதென்றால் என்ன வேண்டும். நடுவில், "எங்க ஷூட்டிங்?" என்று கேட்டார். முகத்துவாரத்து மணல் என்றாள்.

"கூட வழிகாட்டி இருக்காரா?"

"இருக்காரு. நோர்பேர்னு ஒருத்தர். டிராக்டர்ல கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்றாரு."

"நல்லது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கம்மா. உயிருக்கு ஆபத்துன்னு நியாயமான காரணத்தோட நினைக்கிற தொழிலாளி, சொல்லிட்டு வேலைய விட்டு விலகலாம். அதுக்குத் தண்டனை கிடையாது. ஆனா அது அவங்கவங்க தனி உரிமை. நீ பிரதிநிதிங்கறதுக்காக எல்லாரையும் வாங்கன்னு கூப்பிட்டா அது வேலைநிறுத்தம் ஆயிடும். அது வேற கதை, வேற சட்டம். இதுல நீ உனக்காக மட்டும்தான் விலகி நடக்க முடியும்."

"எனக்கு எதுக்குங்க அதெல்லாம்" என்றாள் ஓடில். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள்.

அந்த வாரக் கடைசியில் நோர்பேரின் டிராக்டர் கிளம்பவில்லை. அவர் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "நீங்க இருங்க, சரி பண்ணிட்டுக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். ஆனால் வானம் அன்றைக்கு வெள்ளியை உருக்கிப் பூசினாற்போல இருந்தது. இயக்குநர் அர்மான் லெஸ்க்யூர் அந்த வானத்தைப் பார்த்துவிட்டு டிராக்டரைப் பார்த்தார். மோசமான மனிதரில்லை. யாரையும் அதட்டமாட்டார். விளக்குப் பையனுக்குக்கூட நன்றி சொல்லாமல் போகமாட்டார். ஆனால் ஏற்கெனவே மழையில் போன நாட்கள் அவர் தலைமேல் உட்கார்ந்திருந்தன. தயாரிப்பு நிர்வாகி மதாம் பெர்த்தியோ தினமும் பாரிஸிலிருந்து போன் செய்து, அன்பான குரலில் அதை நினைவூட்டிக்கொண்டிருந்தாள்.

"நடந்தே போயிடலாமா?" என்று கேட்டார் லெஸ்க்யூர்.

"போலாம். வழி எனக்குத் தெரியும்" என்றான் ரெமி.

சாமான்களைச் சறுக்குப் பலகைகளில் ஏற்றி இழுத்தார்கள். கதையில் வரும் குதிரை வண்டியிலும் கொஞ்சம் ஏற்றினார்கள். தினமும் வற்றி, பிறகு ஏறி வந்து மணல் முழுவதையும் மூடிவிடும் கடல் அது; அப்போது வற்றிக் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போயிருந்தது. மணல் கெட்டியாக, வரிவரியாக, காலுக்கு இதமாக இருந்தது. நாயகி க்ளெலியா கம்பளிப் பாவாடையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிலின் தோளைப் பிடித்தபடி நடந்தாள்.

"இந்தப் பாவாடை என்னைவிடக் கனமா இருக்கு, ஓடில்."

"அந்தக் காலத்துல பொம்பளைங்க இதக் கட்டிக்கிட்டு உப்பு மூட்டையும் தூக்கினாங்க."

"அதான் எல்லாரும் சீக்கிரமே செத்துட்டாங்க."

முதல் காட்சிகள் நன்றாகவே வந்தன. குதிரை சொன்ன இடத்தில் நின்றது. லெஸ்க்யூர் நாட்கணக்கில் காணாத சிரிப்போடு எல்லாருக்கும் நன்றி சொன்னார். பிறகு கையை நீட்டித் தூரத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். ஆற்றின் ஒரு வாய்க்கால் மணலை அறுத்துக்கொண்டு ஓடியது. அதற்கு அப்பால் மணல் ஒரு மேடாக எழும்பி, வானத்தோடு ஒட்டியிருந்தது. அங்கே வண்டியும் பெண்ணும் மட்டும் நின்றால் போதும், தொடருக்கே அதுதான் முகம் என்றார்.

அப்போதுதான் ரெமியின் வயர்லெஸ் கரகரத்தது. அவன் ஒதுங்கிப் போய்க் கேட்டான். திரும்பி வந்து லெஸ்க்யூரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். லெஸ்க்யூர் வானத்தைப் பார்த்தார். ரெமி தலையசைத்தான். பிறகு உரக்க, "ஒரே ஒரு ஷாட். வாய்க்காலத் தாண்டுவோம்" என்றான்.

மாலிக்கின் இடுப்பிலும் ஒரு வயர்லெஸ் இருந்தது. அவன் சறுக்குப் பலகையை விட்டுவிட்டு ஓடிலிடம் வந்தான். முகத்தில் கேலி இல்லை.

"நோர்பேர்தான் பேசினாரு. டிராக்டர் இன்னும் சரியாகல, திரும்பி வந்துடுங்கன்னாரு. மூடுபனி வேற எறங்குதுங்கறாரு."

ஓடில் கடல் பக்கம் பார்த்தாள். அடிவானம் இருந்த இடத்தில் ஒரு வெளுத்த பட்டை. அது காலையிலிருந்தே இருந்ததா, இப்போதுதான் வந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"நீதான பிரதிநிதி? சொல்லு" என்றான் மாலிக்.

கேலிக்காகக் கொடுத்த பட்டம் இப்போது கேலியாக இல்லை. அவள் ரெமியிடம் போனாள்.

"நோர்பேர் திரும்பி வரச் சொன்னாராமே?"

"அவரு எப்பவும் அப்படித்தான் சொல்வாரு. கடல் ஏற இன்னும் நேரம் இருக்கு. ஒரே ஷாட், ஓடில். முடிச்சிட்டு ஓடியே வந்துடலாம்."

"குதிரையோடவா? க்ளெலியா அந்தப் பாவாடையோட ஓடுவாளா?"

"இத்தனை நாளா வர்ற வழிதான?"

"இத்தனை நாளும் அவரு கூட இருந்தாரு. வண்டி இருந்துச்சு. வாய்க்காலத் தாண்டி நாம போனதே இல்ல."

லெஸ்க்யூர் அருகே வந்தார். "என்ன பிரச்சனை?" என்று மென்மையாகவே கேட்டார். ரெமி ஓடிலைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. அதற்கு அடியில் ஓர் எச்சரிக்கையும் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"சார், எனக்குப் பயமா இருக்கு" என்றாள் ஓடில். குரல் நடுங்கியது. அதை மறைக்க அவள் முயலவில்லை. "வழிகாட்டி இல்ல, வண்டி இல்ல, வழிகாட்டியே திரும்பி வாங்கன்னு சொல்லிட்டாரு. இதுக்கு மேல போனா ஆபத்துன்னு நினைக்கிறேன். நான் கரைக்குப் போறேன். சொல்லிட்டுத்தான் போகணும், அதனால சொல்றேன்."

"எல்லாரையும் கூட்டிக்கிட்டா?" என்றான் ரெமி. குரலில் முதல்முறையாகச் சூடு.

"இல்ல. நான் மட்டும். மத்தவங்க அவங்கவங்க இஷ்டம்."

ஊசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கரை ஒரு கரிக்கோடு போலத் தெரிந்தது. அதைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

அந்த நடையைப் பற்றிப் பிற்பாடு யார் கேட்டாலும் ஓடில் அதிகம் சொல்லமாட்டாள். ரப்பர் பூட்ஸ் மணலில் பதிந்து பதிந்து எழும் சத்தம் மட்டும்தான் கேட்டது என்பாள். திரும்பிப் பார்க்க வேண்டும்போல் கழுத்து தவித்தது. பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அது கூப்பிடுவதுபோல் ஆகிவிடும் என்று தோன்றியது. அவர்கள் எல்லாரும் வாய்க்காலைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கலாம். க்ளெலியாவின் கம்பளிப் பாவாடை தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகலாம். அப்போது பக்கத்தில் தான் இருக்கமாட்டோம். தன் உயிரைப் பார்த்துக்கொண்டு வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் வெட்கமாக இருந்தது. இன்னொரு கணம், ஒன்றுமே ஆகாமல் அவர்கள் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று இருந்தது. அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு நடந்தாள்.

"ஓடில்! ஏய் ஓடில்! நில்லு!"

க்ளெலியாவின் குரல். ஓடில் நின்றாள்.

பாவாடையை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு அவள் தத்தித் தத்தி வந்துகொண்டிருந்தாள். தலையலங்காரம் கலைந்து தொங்கியது. "நீ பாட்டுக்குப் போனா இந்த நாடாவ யாரு அவுப்பா? மூச்சே விட முடியல" என்றாள். அருகில் வந்ததும் ஓடிலின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை ஜில்லென்று இருந்தது. "எனக்கும் பயமா இருந்துச்சு. சொல்லத்தான் வாய் வரல."

அவளுக்குப் பின்னால் மாலிக் சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு வந்தான். அப்புறம் ஒலிப்பதிவாளர். அப்புறம் குதிரைக்காரர், வண்டியைத் திருப்பிக்கொண்டு. நாயகியும் குதிரையும் போனபிறகு அங்கே படம்பிடிக்க என்ன இருக்கிறது? கேமராக்காரர்கள் முக்காலியை மடக்கினார்கள். கடைசியாக, சற்று இடைவெளி விட்டு, லெஸ்க்யூரும் ரெமியும் வந்தார்கள்.

நோர்பேர் கரையில் கைகளில் கிரீஸோடு நின்றிருந்தார். தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, மறுபடி எஞ்சினுக்குள் குனிந்துகொண்டார்.

கொட்டகை வாசலில் சூப் கிண்ணங்களோடு எல்லாரும் நின்று கடல் ஏறுவதைப் பார்த்தார்கள். அலை இல்லை, ஆரவாரம் இல்லை. மணலின் வரிகளில் ஒவ்வொன்றாகத் தண்ணீர் நிரம்பியது, அவ்வளவுதான். பிறகு பனி இறங்கி எல்லாவற்றையும் மூடியது. வாய்க்கால் எப்போது நிரம்பியது, மேடு எப்போது மறைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

"நேரம் இருந்துச்சு" என்றான் ரெமி, யாரையும் பார்க்காமல். "எடுத்து முடிச்சிட்டு வந்திருக்கலாம்."

மாலிக் நோர்பேரைக் கேட்டான். "நீங்க சொல்லுங்க. வந்திருப்போமா?"

"கடல் என்கிட்ட சொல்லிட்டா வருது?" என்றார் நோர்பேர். "வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம். நானா இருந்தா போயிருக்கமாட்டேன்."

அந்தக் காட்சியை மறுநாள் கரையோரமாகவே எடுத்தார்கள். யாரும் ஓடிலைத் திட்டவில்லை. லெஸ்க்யூர் வழக்கம்போல நன்றி சொன்னார். மதாம் பெர்த்தியோ மட்டும் போனில், "உங்க உடம்பு தேவலையா, ஓடில்? ரொம்பப் பதட்டப்பட்டீங்களாமே" என்று விசாரித்தாள். அந்த விசாரிப்பில் ஏதோ உறுத்தியது. ஆனால் துவைக்க வேண்டிய துணி நிறைய இருந்தது.

தொடரின் இரண்டாம் பகுதி வசந்தகாலத்தில், பாரிஸுக்கு வெளியே ஒரு ஸ்டுடியோவில். அதே குழு என்று முன்பே பேசியிருந்தார்கள். குளிர்காலம் முழுக்க ஓடில் அந்த அழைப்புக்காகக் காத்திருந்தாள். வருஷம் பிறந்ததும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு ரெமி வீட்டில் எல்லாரும் கூடிக் கேக் வெட்டுவார்கள். அந்த வருஷம் அவளுக்கு அழைப்பு வரவில்லை. ஒருநாள் ரெமி போன் செய்தான்.

"இந்தத் தடவை காஸ்ட்யூமுக்கு வேற ஆள எடுத்திருக்காங்க."

"ஏன்?"

"தயாரிப்புல சொல்லிட்டாங்க."

"தயாரிப்புல என்ன சொன்னாங்க?"

"விடு ஓடில். வேற படம் வரும்" என்றான். வைத்துவிட்டான்.

விட்டுவிடத்தான் நினைத்தாள். வழக்குப் போடுகிறவளை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? படப்பிடிப்புத் தொழிலில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். லீல் நகரத்து நாடக அரங்கில் துணி இஸ்திரி போடும் வேலை கிடைத்தது, போய்ச் சேர்ந்தாள். அங்கே ஒருநாள், தொடருக்கு அவளுக்குப் பதிலாக எடுத்த புதுக் காஸ்ட்யூமர் பெண் போன் செய்தாள். க்ளெலியாவின் கம்பளிப் பாவாடையில் உள்தையலை எப்படிப் பிரிப்பது என்று கேட்டாள். நல்ல பெண். ஓடில் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். கடைசியில் அவள், "இப்ப நரம்பெல்லாம் தேவலையா மேடம்? உங்களுக்கு நரம்புத் தளர்ச்சி, அதான் நீங்களே வேணாம்னுட்டீங்கன்னு மதாம் பெர்த்தியோ சொன்னாங்க" என்றாள்.

ஓடில் போனை வைத்துவிட்டு வெகுநேரம் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுக்கவில்லை. வேலை போனதைக்கூட அவள் செரித்துக்கொண்டாள். தன் பயத்தை நோய் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அன்றைக்கே காதூவைக் கூப்பிட்டாள்.

"சங்கத்துல சேரணும்னா என்ன பண்ணணும்?"

"முதல்ல கோவப்படணும்" என்றார் காதூ. "அத நீ முடிச்சிட்டன்னு குரல்லயே தெரியுது."

வழக்கு ஆப்வில் நகரத்துத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனது. சமாதானப் பேச்சுக்கு ஒரு நாள் குறித்தார்கள். கம்பெனியின் வக்கீல் வந்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி ஒப்பந்தம், யாரை எடுப்பது என்பது எங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு மாதங்கள் நகர்ந்தன. மணலில் நடந்ததைச் சொல்ல மாலிக் இருந்தான், க்ளெலியா இருந்தாள், நோர்பேர் இருந்தார். ஆனால் அவளை ஏன் கூப்பிடவில்லை என்பது தெரிந்த ஆள் ஒருவன்தான்.

"ரெமிகிட்ட கேளு" என்றார் காதூ.

"மாட்டேன்."

"அவரு இல்லாம கேஸ் நிக்காதும்மா."

"அவனுக்கும் குடும்பம் இருக்கு. அந்தக் கம்பெனிதான் அவனுக்குச் சோறு போடுது. நான் கேட்டா அவனால முடியாதுன்னும் சொல்ல முடியாது, சரின்னும் சொல்ல முடியாது. அந்த நெலமையில அவனக் கொண்டு நிறுத்தமாட்டேன்."

காதூ பெருமூச்சு விட்டார். "நல்ல மனுஷங்களோட கேஸ் நடத்தறதுதான் ரொம்பக் கஷ்டம்" என்றார்.

விசாரணை நாளன்று ஆப்வில்லில் தூறல். நீதிமன்ற மேசைக்குப் பின்னால் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் தொழிலாளர் தரப்பு, இரண்டு பேர் முதலாளிகள் தரப்பு. கறுப்பு அங்கி எதுவும் இல்லை. கழுத்தில் பதக்கம் மட்டும். நடுவில் இருந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு காகிதங்களைப் புரட்டினாள். ஓடிலின் தரப்பைக் காதூவே பேசினார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, நிதானமாகப் பேசினார். கம்பெனி வக்கீல் எழுந்து, எல்லாம் ஊகம் என்றார்.

கதவு திறந்தது. ரெமி உள்ளே வந்தான்.

இஸ்திரி போட்ட சட்டை, கையில் நனைந்த தொப்பி. ஓடிலின் பக்கம் பார்க்காமல் நேராகக் காதூவிடம் போய் ஏதோ சொன்னான். காதூ எழுந்து, இவரையும் கேட்க வேண்டும் என்றார். வக்கீல் மறுத்தார். நால்வரும் தலைகளைச் சேர்த்துப் பேசிவிட்டுக் கேட்கலாம் என்றார்கள்.

"நான் ஒண்ண முதல்ல சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தான் ரெமி. "அன்னைக்கு அவங்க செஞ்சது தப்புன்னுதான் நான் நினைக்கிறேன். நேரம் இருந்துச்சு. இது ஒரு பக்கம்."

ஓடில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆனா அந்த நாளுக்காகத்தான் அவங்கள மறுபடி கூப்பிடாதீங்கன்னு சொன்னாங்க. மதாம் பெர்த்தியோ என்கிட்டயே சொன்னாங்க. 'ஒருத்தி நடந்தா எல்லாரும் நடக்கறாங்க, அப்படிப்பட்ட ஆள் நமக்கு வேணாம்'னு. அதே வார்த்தை. போன் பண்ணி இல்லன்னு சொன்ன ஆளும் நான்தான்."

நடுவில் இருந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தாள். "நேரம் இருந்துச்சுன்னு சொல்றீங்க. அப்ப நீங்க ஏன் திரும்பி வந்தீங்க?"

"எல்லாரும் போயிட்டாங்க."

"போகலன்னா?"

"வாய்க்காலத் தாண்டியிருப்போம்."

"அப்புறம்?"

ரெமி தொப்பியைக் கையில் திருப்பினான். "தெரியல" என்றான் கடைசியில்.

வெளியே வந்தபோது தூறல் நின்றிருந்தது. காதூ, எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு நொண்டி நொண்டி நழுவினார். இருவரும் எதிரே இருந்த காபிக்கடையில் உட்கார்ந்தார்கள். முதலில் ரெமி காபியில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"உன்ன யாரு வரச் சொன்னது?" என்றாள் ஓடில்.

"யாரும் சொல்லல. அதான் பிரச்சனையே." அவன் கரண்டியை வைத்தான். "நீ கேப்பன்னு நினைச்சேன். மாசக்கணக்கா காத்துக்கிட்டிருந்தேன். கேட்டா என்ன சொல்லி இல்லன்னு தப்பிக்கறதுன்னு யோசிச்சு வச்சிருந்தேன். நீ கேக்கவே இல்ல. அது தாங்கல."

ஓடில் அவன் கையைத் தொட்டாள். "இனிமே அவங்க உன்னக் கூப்பிடமாட்டாங்க."

"மாட்டாங்க. நேத்து வீட்டுல சொன்னேன். 'சரி, இனிமே தினம் ஆம்லெட் சாப்பிட்டுக்கலாம்'னு சொல்லிட்டா."

இருவரும் சிரித்தார்கள். பிறகு சிப்பியும் உருளைக்கிழங்கு வறுவலும் வரவழைத்துச் சாப்பிட்டார்கள். மணலைப் பற்றி மறுபடி சண்டை போட்டார்கள். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரக்கவே போட்டார்கள்.

தீர்ப்பு கோடையில் வந்தது. ஆபத்து என்று நினைக்க ஓடிலுக்கு நியாயமான காரணம் இருந்தது. அதற்காக அவளை விலக்கியது சட்டத்துக்கு மாறானது. கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும். காதூ போனில் அந்த வரிகளை இரண்டு முறை வாசித்தார். நாடக அரங்கின் பின்கட்டில், ஒரு நாடக மந்திரியின் மேலங்கி ஆவி பறக்கக் கிடக்க, ஓடில் நின்றபடியே கேட்டாள். நஷ்டஈடு என்ற இடத்தில் அவள் மனம் நிற்கவில்லை. "நியாயமான காரணம் இருந்தது" என்ற வரியை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். மதாம் பெர்த்தியோ மேல்முறையீடு செய்யவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

தீர்ப்பு வந்ததற்காக யாரும் ஓடி வந்து வேலை கொடுத்துவிடவில்லை. ரெமிக்கும் வறட்சியான காலம்தான். பள்ளிக்கூட விழாக்களைக்கூடப் படம் எடுத்தான். இலையுதிர்காலத்தில் பெல்ஜியம் பக்கம் ஒரு சின்னப் படத்துக்கு அவனை அழைத்தார்கள். அவன் உடனே ஓடிலுக்குப் போன் செய்தான்.

"காஸ்ட்யூமுக்கு ஆள் வேணும். வர்றியா?"

"வர்றேன். என்ன படம்?"

"தொழிலாளிங்க கதை. துணி கொஞ்சம்தான், ஆனா அழுக்கா இருக்கணும்."

"அது நமக்குக் கைவந்த கலை. எங்க ஷூட்டிங்?"

ரெமி தயங்கினான். "சொன்னா வர்றதில்லன்னு சொல்லமாட்டியே?"

"சொல்லு."

"சுரங்கத்துக்குள்ள."

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. ஓடிலுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. அரங்கின் இஸ்திரிக்காரப் பெண்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

"உள்ள யாரு கூட்டிட்டுப் போறாங்க?" என்று கேட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"சுரங்க எஞ்சினியர் ஒருத்தரு. ஷூட்டிங் முடியற வரைக்கும் கூடவே இருப்பாரு. அவரு வரலன்னா எறங்கறதில்லன்னு ஒப்பந்தத்துலயே போட வச்சிட்டேன்."

"அப்ப சரி. டிக்கெட் அனுப்பு" என்றாள் ஓடில். போனை வைத்துவிட்டு, முதலில் எந்தத் துணியைக் கரியில் புரட்டலாம் என்று யோசிக்க ஆரம்பித்தாள்.